உன் காற்றாடியில் பற்றறி வைத்தவன்

காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தில் எழுத்து உங்கள் தங்கச்சியுடையது, சொல் நம் வாப்பாவுடையது. போன கிழமை வாப்பாவுக்கு வலக்கண்ணில் ஒப்பரேசன் நடந்தது. குனிந்து வாசிக்கவோ எழுதவோ கூடாதென்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் என்னைக் கூப்பிட்டு, "கூட்டாம, கொறைக்காம, நான் சொல்றத்த எழுதுவியா மகள்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுவேன் என்று சொல்லித்தான் பேனையை எடுத்திருக்கிறேன். வாப்பாவின் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது மட்டுமே என் வேலை. மற்றவர்கள் சொன்னதாக அவர் சொல்வதை அவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று கட்டாருக்கு, உங்களுக்கு. மற்றது எங்கள் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துச் சஞ்சிகைக்கு. அது ஏன் என்று வாப்பாவே பின்னால் சொல்கிறார். இனி இதில் 'நான்' என்று வருவது வாப்பா.

மகனே, போன வெள்ளிக்கிழமை நீ ரெலிபோன் எடுத்தபோது தங்கச்சி அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டிருந்தாள். விஞ்ஞானக் கண்காட்சிக்குக் காற்றாடி செய்யப்போவதாகவும், அதில் சின்ன பல்ப் எரியும் என்றும் அவள் சொன்னதும் நீ சந்தோசப்பட்டாய். எத்தனை செட்டை, இறக்கையை எதில் வெட்டப்போகிறாய் என்றெல்லாம் கேட்டாய். உன் குரலில் அப்படியொரு கலகலப்பைக் கேட்டு எவ்வளவோ காலம். பிறகு, "ஒனக்கு இதெல்லாம் ஆரு சொல்லித் தாற?" என்று கேட்டாய். "காரைதீவு சுதாகரன் சேர்" என்றாள். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தோம். அறுபடவில்லை. "நாளைக்கே அந்த ரியூசன நிப்பாட்டு. அவன் கள்ளன். என்ன நாசமாக்கின மாதிரி ஒன்னையும் நாசமாக்குவான்" என்றாய். பிறகு, "வாப்பாட்டக் குடு" என்றாய். வாப்பா நித்திரை என்று சொல்லும்படி நான் உன் உம்மாவுக்குக் கையால் காட்டினேன். என் கண் கட்டியிருந்தது உண்மை. நித்திரை என்றது பொய்.

தங்கச்சி அழவில்லை. விஞ்ஞானக் கொப்பிகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். இவளுக்குப் படிப்பு என்றால் உயிர் என்று உனக்குத் தெரியும். சேமியாப் பெட்டியில் எழுதியிருப்பதைக்கூட வாசித்து முடித்துவிட்டுத்தான் பெட்டியை எறிவாள். அந்த வகுப்பு இல்லையென்றால் இந்த வீட்டுத்திட்டத்தில் இவளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை. அடுக்கி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "காக்கா சொன்னா நிப்பாட்டத்தான் வேணுமா வாப்பா?" என்று கேட்டாள். அதற்கான மறுமொழி ஐந்து வருடமாக என் வாய்க்குள் கிடக்கிறது. இனியும் அதை வைத்திருக்க எனக்குத் தெம்பில்லை. உன் காற்றாடிப் பெட்டிக்குள் பற்றறி வைத்தது சுதாகரன் இல்லை மகனே. நான்.

(இதைச் சொன்ன பிறகு வாப்பா தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன்.)

அந்த ஆகஸ்ட் லீவு உனக்கு ஞாபகம் இருக்கும். கச்சான் காற்று மேற்கே வயல்வெளியால் அடித்து வந்து, மருதமுனை ரோட்டுப் புழுதியையெல்லாம் என் சைக்கிள் கடைக்குள் கொட்டுகிற காலம். உன் வகுப்புக் கூட்டாளி சுதாகரன் காரைதீவிலிருந்து சைக்கிள் மிதித்து வருவான். செக்பொயின்ற்றில் இறங்கி, உருட்டி, அடையாள அட்டை காட்டி, மறுபடியும் ஏறி வருவான். உன்னைப் போலவே அவனும் என்னை வாப்பா என்றுதான் கூப்பிடுவான். கடைக்குப் பின்னால் ஒரு பழைய சைக்கிள் முன்சில்லை நிமிர்த்தி வைத்து, எண்ணெய்த் தகரத்தில் ஆறு செட்டை வெட்டிக் கம்பிகளில் கட்டினீர்கள். என்னிடமிருந்த டைனமோவை டயரோடு உரசுகிற மாதிரிப் பூட்டினோம். கீழே பலகைப் பெட்டி, அதன்மேல் சைக்கிள் லைற்றின் பல்ப். செட்டையை எப்படி வளைப்பது என்று வந்தபோது, மேசை ஃபேனைப் பார்த்து அதைப் போலவே வளையுங்கள் என்று நான் சொன்னேன். சுதாகரன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "வாப்பா, ஃபேன் காத்த அடிக்கிற சாமான். இது காத்துக்கிட்ட அடி வாங்குற சாமான். ரெண்டுக்கும் செட்டை ஒரே மாதிரி இரிக்குமா?" என்று கேட்டான். "இருவத்தஞ்சி வருசமா சில்லுச் சுத்துறவன்டா நான். நீ எனக்குப் படிச்சித் தாறியா?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். செட்டை நான் சொன்னபடியே வளைந்தது. அவன் சொன்னதுதான் சரி என்று இப்போது இவள் புத்தகத்தைப் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

ஆனால் கச்சானுக்கு அந்தப் பிழை பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பின்னேரம் மூன்று பேரும் அதை வயலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வரம்பில் வைத்தோம். முதலில் முனகியது. பிறகு அது சுற்றிய சுற்றில் சுதாகரன் பெட்டியின்மேல் ஏறிக் குந்திக்கொண்டான், இல்லாவிட்டால் விழுந்திருக்கும். பல்ப் எரிந்தது. வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று நீ உன் சாரனால் மறைத்து மறைத்துப் பார்த்தாய். வரம்பில் ஓடி ஓடி, "உம்மாட்டச் சொல்லுங்க, இனி எங்களுக்குக் கறன்ட் பில் இல்ல!" என்று கத்தினாய். என் வாழ்க்கையில் நல்லதாக நடந்தவற்றை எண்ணச் சொன்னால் அந்தப் பின்னேரத்தை முதலில் எண்ணுவேன்.

கண்காட்சி வந்தது நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாம் கிழமை. கச்சான் எப்போதோ நின்றுவிட்டது. வெளியே மழை. காற்றாடி மண்டபத்துக்குள். காற்றுக்குப் பதிலாக நிற்கிற ஃபேன் ஒன்று. வயல்வெளிக் காற்றில் பிறந்த சாமானை ஃபேனுக்கு முன்னால் வைத்தால் எப்படி? முதல்நாள் பின்னேரம் நீங்கள் பூட்டிப் பார்த்தபோது சில்லு ஆமை மாதிரிச் சுற்றியது, பல்ப் எரியவில்லை. நீ வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்: "எரியாட்டி, காத்துப் போதல்ல, எரியல்லண்டு சொல்லுவம் வாப்பா. சுதாவும் அப்பிடித்தான் சொல்றான்." பதினேழு வயதில் நீங்கள் இரண்டு பேரும் சரியான முடிவை எடுத்துவிட்டீர்கள். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஊருக்குள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கடைக்குக் காற்றடிக்க வந்தவனிடம்கூட, என் மகன் காற்றில் கறன்ட் எடுக்கிறான் என்று சொல்லியிருந்தேன். உன் வெட்கம் என்று நான் நினைத்தது என் வெட்கம்தான்.

விடிந்ததும் எண்ணெய்க் குப்பியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சில்லுக்கு எண்ணெய் விட வந்தேன் என்றதும் வாச்சர் விட்டுவிட்டார். இரண்டு ரோர்ச் பற்றறியைச் சேர்த்து வைத்து, பழைய ரியூப் துண்டால் இறுக்கிச் சுற்றி, கடையில் நான் எதையும் கட்டுகிற மாதிரியே நுனியை உள்ளே செருகி, பெட்டிக்குள் வைத்து வயரைத் தொடுத்தேன். வாச்சரோடு நின்று தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை.

பத்து மணியளவில் நீங்கள் பெட்டியைத் தொட முன்னமே மதிப்பெண் போட வந்தவர் வந்துவிட்டார். ஃபேனைப் போட்டார்கள். சில்லு மெல்ல அசைந்தது. பல்ப் எரிந்தது. மங்கல் வெளிச்சம்தான், ஆனாலும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நீயும் சுதாகரனும் ஒருவரையொருவர் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றீர்கள். அந்த முகங்களைக் கதவடியில் நின்று நான் பார்த்தேன். மதிப்பெண் போட வந்தவர் வயதானவர், அவசரப்படாதவர். ஃபேனை நிறுத்தச் சொன்னார். சில்லில் ஒரு விரலை வைத்து அதையும் நிறுத்தினார். பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. பெட்டியைச் சரித்து, பற்றறியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். "காத்தே இல்லாம எரியிற காத்தாடிடோய்!" என்று யாரோ கத்தினான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. என் சேர்ட் பொக்கெட்டில் அப்போதும் காலையில் வயரை முடுக்கிய திருப்புளி இருந்தது. நான் சைக்கிளைப் பூட்டினேனா என்று பார்க்கப் போகிறவனைப் போல வெளியே போனேன். பூட்டித்தான் இருந்தது. திறந்து ஏறிக் கடைக்குப் போய்விட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டது பிறகுதான் என் காதுக்கு வந்தது. "கடசியாப் பெட்டியப் பூட்டின நீதான்டா. ஒங்கட ஆக்கள நம்பினதுதான் என்ட பிழ" என்று நீ சொல்லியிருக்கிறாய். அவன், "ரியூப் துண்டு ஆர்ர கடையில இரிக்கிண்டு யோசிச்சிப் பாருடா" என்று சொல்லிவிட்டு, டைனமோவைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

அந்த ரியூப் துண்டுதான் மகனே என்னை இன்றுவரைக்கும் தின்கிறது. நீ என் கடையில் வளர்ந்தவன். நான் கட்டுகிற கட்டை ஆயிரம் தடவை அவிழ்த்தவன். மேசைமேல் அது கிடந்தபோது உனக்குத் தெரியவில்லையா? தெரிந்தும், வாப்பாவைச் சபையில் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பக்கத்தில் நின்றவன்மேல் போட்டாயா? போட்ட பிறகு அதையே நம்பத் தொடங்கிவிட்டாயா? நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போதும் மறுமொழி கேட்கவில்லை. உனக்குத் தெரியாதென்றால், உன்னை நான் பொய்யில் விட்டேன். தெரியுமென்றால், என் பிழையை உன் தலையில் சுமக்க விட்டேன். இரண்டிலும் கை என்னுடையதுதான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து வரும்போது இன்று சொல்வேன் என்று நினைப்பேன். அப்படி நாலைந்து வெள்ளி போயிருக்கும், கடல் வந்துவிட்டது. அதைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தங்கச்சியை நான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன், உம்மாவை நீ இழுத்துக்கொண்டு ஓடினாய். உன் சாச்சியும் அவள் பிள்ளைகள் இரண்டும் மௌத்தானார்கள். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. அப்படியொரு நாளுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்து அகதி முகாமில் பாயை விரித்துக்கொண்டு, இரண்டு பற்றறியின் கதையை யார் எடுப்பது? எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். இதையும் கொண்டுபோயிருக்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். நாங்கள் அடக்கிய மையித்துகளுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் மகனே. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ சுதாகரன் முகாமுக்கு வந்தான். அவர்களுடைய வீடும் பாதி போயிருந்தது. ஒரு கை கட்டுப் போட்டுத் தொங்கியது. மற்றக் கையில் ஒரு பை. நீ வகுப்பறைக்குள் இருந்து கண்டுவிட்டு, "நான் இல்லண்டு சொல்லுங்க வாப்பா" என்றாய். நான் போய்ச் சொன்னேன். அவன் எனக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்தான். நீ நின்றது அவனுக்குத் தெரிந்திருக்கும். பைக்குள் இரண்டு சாரன், சவர்க்காரம், பழைய பேப்பரில் சுற்றிய டைனமோ. "மணலுக்குள்ள கிடந்திச்சி வாப்பா. ஒங்கட சாமான்" என்று தந்துவிட்டுப் போனான். அப்போதுகூட வாயைத் திறந்திருக்கலாம். பொடியன் வாசலைத் தாண்டும்வரை நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு நீ கணக்கும் விஞ்ஞானமும் படிக்க மாட்டேன் என்றாய். வீடு இல்லாத காலத்தில் படிப்பு என்னத்துக்கு என்று நீ சொன்னதை எல்லோரும் நம்பினோம், ஏனென்றால் அது பாதி உண்மை. பத்தொன்பது வயதில் கட்டாருக்குப் போனாய். உயரக் கட்டடங்களின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு ஏசி பூட்டுகிறாய். நீ அனுப்பிய படத்தை உன் உம்மா ஒருதரம் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டாள். இங்கே சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். காரைதீவு ரோட்டில் இப்போது யாரும் இறக்கி உருட்டச் சொல்வதில்லை. "இனி எல்லாம் முடிஞ்சி காக்கா" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஓம் என்று நானும் தலையாட்டுகிறேன். அந்த வருடங்களில் தமிழ்ப் பொடியன் ஒருவனுக்கு, செக்பொயின்ற்றில் மறித்தால் இவனை எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லக் கல்முனையில் ஒரு கூட்டாளி எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறபோது மட்டும் எனக்கு எதுவும் முடிந்ததாகத் தெரிவதில்லை.

நேற்று முன்தினம் அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். இப்போது கம்பசில் படிக்கிறான், பின்னேரங்களில் ரியூசன் நடத்துகிறான். உம்மா ரொட்டியும் சம்பலும் வைத்தாள். அவன் ஒரு துண்டைப் பிய்க்கும்போது சொல்லிவிட்டேன். துண்டு கையிலேயே நின்றது. "அஞ்சி வருசமா அவன்தான் வெச்சண்டு நெனச்சிட்டு இருந்தன் வாப்பா" என்றான். துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தான். பிறகு, "டைனமோவக் கழட்டாமலா பற்றறியத் தொடுத்தீங்க?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அதான். பற்றறில பாதி டைனமோக்குள்ளயே போயிரிக்கும். மங்கல் வெளிச்சம் ஏன்டு இவ்வளவு நாளும் எனக்கு வெளங்கல்ல." சிரித்தான். சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே நின்றான். உன் உம்மா குசினிக்குள் இருந்து, "ஒத்த பல்பு எரியிறத்துக்காக ரெண்டு புள்ளையளயும் இருட்டுல உட்டுட்டீங்களே மனிசன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. கண்ணுக்கு மருந்து மட்டும் நேரத்துக்கு விடுகிறாள்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை வரும். அது எதையாவது செய்து, அது ஓடாமல் நிற்கும். அப்போது உன் கையைப் பின்னால் கட்டிக்கொள். எரியவில்லை என்று அன்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்தப் பெரிய மனிதர் ஏன் எரியவில்லை என்று கேட்டிருப்பார். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சுதாகரன் செட்டையைப் பற்றிச் சொல்லியிருப்பான். அதோடு அது முடிந்திருக்கும். பிள்ளை தோற்றுப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் ஒரு பெலன் வேண்டும். அது எனக்கு இருக்கவில்லை.

இந்தக் கடிதத்தைச் சஞ்சிகையிலும் போடச் சொன்னது இதற்காகத்தான். சிரித்தது மண்டபம் முழுக்க. உன்னிடம் மட்டும் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிக் கடன் தீர்த்த மாதிரி. இந்த வருடமும் கண்காட்சி அதே மண்டபத்தில். தங்கச்சியின் காற்றாடிக்குப் பக்கத்தில் சஞ்சிகையும் தொங்கும். வருகிறவர்கள் வாசிக்கட்டும். நீ என்னோடு கோபித்துக்கொள், மாதக்கணக்கில் கதைக்காமல் இரு, தாங்குவேன். தங்கச்சியை அந்த வகுப்பிலிருந்து நிறுத்தாதே. அடுத்த முறை ரெலிபோன் எடுக்கும்போது, எனக்கு முன்னால் அவனுக்கு எடு. நம்பர் இவளிடம் இருக்கிறது. எனக்குச் சொல்ல இருந்தது இவ்வளவுதான். களைப்பாக இருக்கிறது.

காக்கா, இனி எழுதுவது நான். வாப்பா முடித்துவிட்டார் என்று நினைத்து உறையை எடுத்தேன். "ஒட்டாத மகள். காத்தாடியக் கொண்டா. அதையும் பாத்துட்டு எழுது" என்றார். என் காற்றாடி சின்னது. பிவிசி குழாயில் வெட்டிய மூன்று செட்டை, பழுதான கசற் றேடியோவிலிருந்து எடுத்த மோட்டர், கடுகளவு பல்ப். கச்சானுக்கு விழாமல் இருக்க அடிப்பலகையில் பாரம் ஒன்று வேண்டும் என்று சேர் சொன்னதற்கு, வாப்பா தன் சாமான் பெட்டியிலிருந்து அந்தத் துருப்பிடித்த டைனமோவை எடுத்துத் தந்தார். அதைத்தான் கட்டியிருக்கிறேன்.

அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மேகம் மூடி இருட்டியதால் வீட்டுக்குள் லைற் போட்டிருந்தோம். மேற்கு ஜன்னலைத் திறந்து அதன் முன்னால் காற்றாடியை வைத்தோம். பல்ப் இவ்வளவு சின்னதென்றால் வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று சொல்லிக்கொண்டே உம்மா எழும்பிப் போனார். இரண்டு நாளுக்குப் பிறகு வாப்பாவோடு கதைத்த முதல் கதை அது. காற்று வந்தது. செட்டை தயங்கித் தயங்கிச் சுற்றியது, பிறகு தயங்காமல் சுற்றியது. "எரியுதா மகள்?" என்று வாப்பா கேட்டார். அவருடைய இடது கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரியவில்லை. எரியுது என்றேன். "சும்மா சொல்லாத." "அல்லாஹ்வுக்காக எரியுது வாப்பா." அவர் எழும்பித் தடவித் தடவி வந்து, பலகையைத் தொட்டு, டைனமோவைத் தொட்டு, விரலை மெதுவாக நீட்டிச் செட்டையில் வைத்தார். செட்டை நின்றது. பல்ப் அணைந்தது.

"இப்ப?" என்றார். "ஒண்டுமில்ல வாப்பா. அணைஞ்சிட்டு." "நல்லாப் பாரு." பார்த்தேன். "ஒரு பொட்டு வெளிச்சமும் இல்ல." அவர் விரலை எடுக்காமலே அப்படியே நின்றார். "இதையும் எழுது" என்றார்.

பிறகு விளக்கைப் போட்டுத்தான் இதை எழுதினேன். அவர் நின்ற அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் வேறு எந்த வெளிச்சமும் இருக்கவில்லை. எல்லா லைற்றையும் உம்மா அணைத்திருந்தார்.